உப்பில்லாமல் உள்ளே வராத சர்க்கரை

செல்லின் வாசல்கள் – 6

1971 ஜூன் மாதம். கிழக்கு பாகிஸ்தானில் போர். எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். எல்லையோர ஊரான போங்காவின் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென்று இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பி, தரையும் நிரம்பிவிட்டது. கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், தரையில் கிடந்தவர்களுக்கு நரம்பில் சலைன் ஏற்ற மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி குத்தத் தெரிந்த கைகளும் போதவில்லை.

இருக்கிறதை வைத்துச் சமாளிப்பது என்று அவர் முடிவு செய்தார். கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தின் நூலக அறைக்குத் தராசுகள் வந்தன. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று நிறுத்து, பாலித்தீன் பையில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் பையின் வாயை ஒட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்துக்கொண்டு போய், கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டியதுதான்.

அன்றைய மருத்துவப் பாடப்படி இது சரியான வைத்தியம் இல்லை. காலரா வந்தவருக்கு நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும். வாய்வழி கொடுத்தால் அப்படியே பின்வழி போய்விடும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ‘பேதி நிற்கிறவரை வயிற்றைக் காயப் போடு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே கட்சிதான். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் குடல், அதே நேரத்தில் குடித்த நீரை எப்படி உள்ளே வாங்கும்?

வாங்கும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் வாங்கும். ஏன் என்பதற்கு விடை செல் சவ்வில் இருக்கிறது.

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குச் சவ்வின் குணம் தெரியும். சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம் அது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, மதுவிலுள்ள ஆல்கஹால் போன்றவை அதன் ஊடாகத் தாமாகவே நுழைந்து போய்விடும். சோடியம் அயனிக்கு மின்னேற்றம் உண்டு. கொழுப்பு அதை அண்ட விடாது. குளுக்கோஸ் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுதான் என்றாலும் அளவில் பெரியது, நீரோடு ஒட்டி உறவாடுவது. அதுவும் தானாக நுழைய முடியாது. இவை இரண்டும் உள்ளே போக வேண்டுமென்றால், சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் கதவைத் திறந்தாக வேண்டும்.

சிறுகுடலின் உட்சுவரில் உள்ள ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு முகங்கள். ஒன்று உணவு ஓடும் குழாயைப் பார்த்தபடி இருக்கும். மற்றொன்று ரத்தத்தின் பக்கம். இரண்டு முகங்களிலும் இருக்கும் புரதங்கள் ஒன்றல்ல. கதையின் முடிச்சே இங்கேதான்.

ரத்தத்தின் பக்கம் ஒரு பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கோ, நண்டுக்கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்து, 1957இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளும். இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்குச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு இந்த ஒரு பம்புக்கே போய்விடுகிறது. நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், ஸ்கோவுக்கு நோபல் பரிசு வந்தது. (அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவதும் இந்தப் பம்பை அடைத்துத்தான்.) பம்பு ஓயாமல் ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, வெளியே அதைப்போலப் பத்து மடங்கு. வெளியே காத்திருக்கும் சோடியத்துக்கு உள்ளே பாய ஒரு சந்து கிடைத்தால் போதும்.

அந்தச் சந்து குழாயின் பக்கம் இருக்கிறது. எஸ்ஜிஎல்டி1 என்று பெயர். அது கிடைத்ததையெல்லாம் உள்ளே விடும் ஓட்டை அல்ல. புரதம் முதலில் குடலின் பக்கம் வாய் திறந்து நிற்கிறது. இரண்டு சோடியம் வந்து ஒட்டுகின்றன. அவை ஒட்டியதும் புரதத்தின் வடிவம் சற்றே மாறி, குளுக்கோஸ் உட்கார இடம் தயாராகிறது. குளுக்கோஸும் வந்து உட்கார்ந்தால்தான் வெளிவாய் மூடி உள்வாய் திறக்கும். மூன்றும் செல்லுக்குள் விழும். காலியான புரதம் மறுபடி வெளிப்பக்கம் திரும்பும். இரண்டு வாயும் ஒருசேரத் திறப்பதே கிடையாது. அதனால்தான் இது மெதுவான கதவு. அயனி வாய்க்கால்களில் நொடிக்குப் பல லட்சம் அயனிகள் பாயும். இங்கே நொடிக்கு ஆயிரம் சுற்றுகூட நடக்காது. ஆனால் ஒவ்வொரு செல்லிலும் இப்படி ஏராளமான கதவுகள். குடலின் உட்சுவரோ மடிப்பும் விரலிகளுமாகப் பரந்து கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. குளுக்கோஸைச் செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு கூடிய இடத்துக்கு ஏற்றிவிடும் இந்தப் புரதம், தன் பங்குக்கு ஒரு ஏடிபிகூடச் செலவழிப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் மோட்டார் தண்ணீர் ஏற்றி வைத்துவிட்டால், கீழே குழாயைத் திறக்க மின்சாரம் வேண்டாம் அல்லவா? மின்சாரக் கணக்கெல்லாம் மோட்டாரோடு போயிற்று. இங்கே மோட்டார் ரத்தத்தின் பக்கத்துப் பம்பு. உள்ளே பாயத் துடிக்கும் சோடியம் குளுக்கோஸையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. வந்த சோடியத்தைப் பம்பு மறுபக்கம் ரத்தத்துக்குத் தள்ளிவிடும். குளுக்கோஸ் வேறொரு கதவு வழியாக, இந்தமுறை தன் போக்கில், ரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

உப்பும் சர்க்கரையும் குடலிலிருந்து ரத்தப் பக்கம் போனால், நீரும் பின்னாலேயே போகும். சவ்வூடு பரவலின் விதி அது. செல்லின் ஊடாகவே போகிறதா, செல்களுக்கு இடையிலான இடுக்கு வழியாகவா, அல்லது எஸ்ஜிஎல்டி1 ஒவ்வொரு சுற்றிலும் நீர் மூலக்கூறுகளையும் அள்ளிக்கொண்டு போகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்த வழியானாலும் அளவு பெரிது. நாம் குடிப்பது, எச்சில், பித்தநீர், குடல் சுரப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது லிட்டர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளர்கூட இராது.

உப்பையும் சர்க்கரையும் இப்படி முடிச்சுப் போட்டவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். 1960 ஆகஸ்ட்டில் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில், சோடியமும் குளுக்கோஸும் ஒரே கடத்தியில் ஏறித்தான் உள்ளே வருகின்றன என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அப்போது அந்தப் புரதத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கான மரபணுவை எர்னஸ்ட் ரைட்டின் குழு பிரித்தெடுக்க 1987 ஆயிற்று.

கதவு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்ற கேள்விக்குக் கொடுமையான ஒரு சாட்சியம் உண்டு. இந்த மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் மிக அபூர்வமாக இருக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய நாட்களிலேயே கடும் பேதி. பாலின் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸும் காலக்டோஸும் ஆகும். இரண்டுக்கும் இதே கதவுதான். கதவு திறக்காததால் சர்க்கரை குடலிலேயே தங்கி, நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்தக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலையும் சாதாரணப் பால்மாவையும் நிறுத்தி, ஃபிரக்டோஸ் கலந்த உணவு கொடுத்தால் பேதி நின்றுவிடும். ஃபிரக்டோஸுக்குச் சோடியத்தின் துணை தேவையில்லாத தனிக் கதவு இருக்கிறது.

இப்போது காலராவுக்கு வருவோம்.

காலராக் கிருமி குடலின் உட்சுவரை உரித்துவிடுகிறது என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவர்கள் நம்பினார்கள். உரிந்துபோன சுவர் எதை உறிஞ்சும்? 1959இல் பாங்காக்கில் காலரா பரவியபோது, அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்கள் முழுதாக இருந்தன. அதே 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடல் நீரால் உப்பியது. ஆக, வேலையைச் செய்வது கிருமி விடும் நஞ்சு.

அந்த நஞ்சு செல்லுக்குள் புகுந்து ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சுழல் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு செல்லுக்குள் எகிறுகிறது. குளோரைடு வெளியேறும் கதவொன்று திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் அதைத் தொடர, நீர் இரண்டையும் தொடர்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் போன்ற பேதி என்று மருத்துவ நூல்கள் எழுதுவது இதைத்தான். உப்பைத் தனியாக உள்ளே வாங்கும் இன்னொரு கதவையும் நஞ்சு பாதி மூடிவிடுகிறது. எஸ்ஜிஎல்டி1 மட்டும் தப்பிவிடுகிறது. வெளியேற்றும் கதவை மூடும் வழி அன்றைக்குக் கையில் இல்லை; ஆனால் உள்ளே வாங்கும் கதவு ஒன்று நல்ல நிலையில் இருந்தது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் அது திறக்காது. சர்க்கரையை மட்டும் கொடுத்தாலும் சரிப்படாது. இரண்டும் சேர்ந்து வர வேண்டும். ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்த வாய்வழிக் கரைசலில் குளுக்கோஸ் போடுவது தெம்புக்கு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. தெம்பு கொஞ்சம் கிடைக்கலாம். அது அங்கே இருப்பதோ உப்பை உள்ளே அழைத்துப் போவதற்கு.

காரணம் தெரிவதற்கு முன்பே கலவை கிடைத்துவிட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் வியப்பு. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கடுமை குறைந்த காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியாகவே கரைசல் கொடுத்துக் குணப்படுத்தியதாகச் சொன்னார். லிட்டருக்கு 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுக்கோஸ். மஹலனாபிஸின் பொட்டலத்துக்கு இது எவ்வளவு அருகில் என்று பாருங்கள்! உலகம் கண்டுகொள்ளவில்லை. உள்ளே போனது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்ற அளவீடு அந்தக் கட்டுரையில் இல்லை. குளுக்கோஸ் ஏன் என்பதற்கு அன்று யாரிடமும் விளக்கம் இல்லை. இரண்டையும் காரணமாகச் சொல்லலாம். கல்கத்தாவிலிருந்து வந்தது என்பது மூன்றாவது காரணமாக இருந்திருக்கலாம் என்று சந்தேகிப்பதில் தப்பில்லை.

அடுத்த முயற்சி சோகத்தில் முடிந்தது. 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸின் குழு குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தது. கரைசலின் அடர்த்தி கூடிப்போனது. குடலில் இருப்பது ரத்தத்தைவிட அடர்த்தியாக இருந்தால் நீர் எதிர்த்திசையில், ரத்தத்திலிருந்து குடலுக்கு, ஓடும். நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அதன்பின் பிலிப்ஸுக்கு வாய்வழி வைத்தியம் என்றாலே தயக்கம்.

தயக்கத்தை உடைத்தவர்கள் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் இருந்த இரண்டு இளம் அமெரிக்கர்கள், டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும். அவர்கள் செய்தது எளிமையான ஒரு காரியம். நோயாளி வெளியேற்றுவதை மணிக்கணக்கில் அளந்து, அதே அளவுக்குக் கரைசலைக் குடிக்க வைத்தார்கள். 1968இல் முடிவு ‘லான்செட்’டில் வந்தது: நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய சலைன் சுமார் 80 சதவீதம் குறைந்தது. ஆனால் அதெல்லாம் நர்சும் அளவுச் சாடியும் உள்ள வார்டில். அகதி முகாமில், அம்மாக்களின் கையில், இது எடுபடுமா என்று யாருக்கும் தெரியாது. போங்காவில் மஹலனாபிஸ் வைத்த பந்தயம் அதுதான். சலைன் வந்து சேருவதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், கரைசல் குடித்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. 1978இல் ‘லான்செட்’ தலையங்கம், உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உறிஞ்சப்படும் இந்தக் கண்டுபிடிப்பை, நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக்கூட இருக்கலாம் என்று மதிப்பிட்டது. மஹலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் 2023இல் அறிவிக்கப்பட்டது. அவர் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 அக்டோபரில், காலமாகியிருந்தார்.

பொட்டலம் போய்ச் சேராத ஊர்களுக்கு? வங்கதேசத்தில் ‘பிராக்’ தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போனது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வெல்லத்தின் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸ் கிடைக்கும். வெல்லத்தில் கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு. கற்றுத் தந்த பெண் ஊழியர்களுக்குச் சம்பளம் வித்தியாசமாக வைத்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்மாரில் சிலரைக் கலந்து காட்டச் சொல்வார். தாய் எவ்வளவு சரியாகச் செய்கிறாரோ, ஊழியருக்கு அவ்வளவு காசு. பத்து ஆண்டுகளில் எட்டிய வீடுகள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல்.

இன்று மருந்துக் கடையில் ‘டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலா’ என்று எழுதி விற்கும் பொட்டலத்தில் லிட்டருக்கு 20.5 கிராம் பொடி இருக்கும். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. இது 2002இல் மாற்றிய அளவு. பழைய கலவையில் லிட்டருக்குச் சோடியம் 90 மில்லிமோல், குளுக்கோஸ் 111. இப்போது இரண்டும் 75. கரைசலை இப்படி நீர்க்கச் செய்ததில், குழந்தைகளுக்குச் சலைன் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மணிலாவில் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இங்கே நம் ஊர்க் கடைகளுக்கும் பொருந்துகிறது. காகிதப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் பல, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விற்பனையாயின. சர்க்கரை பல மடங்கு, உப்பு பேருக்கு. பேதியில் துவண்ட குழந்தைக்கு அதைப் புகட்டினால் குடல் இன்னும் நீரைக் கொட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனி ஆளாகப் போராடினார். உணவுப் பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொட்டலத்தை ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கிற பழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது. கணக்கு ஒரு லிட்டருக்கானது. முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கரைப்பதுதான் முறை.

நோயாளியின் உயிரைக் காத்த இந்தக் கரைசலுக்கு ஒரு குறை உண்டு: பேதியை அது நிறுத்தாது. இழந்த நீரை ஈடு செய்யும், அவ்வளவே. பேதி நிற்காததால் தாய்க்கு மருந்தின் மேல் நம்பிக்கை போய்விடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குப் பெருங்குடல் பக்கமாக ஒரு வழி தேடினார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவுச்சத்தைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் சேர்த்தார்கள். அது பெருங்குடல்வரை போய்ச் சேரும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைக் குறுங்கொழுப்பு அமிலங்களாக்கும். அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் கூடவே உள்ளே போகும். காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பேதியின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. முடிவுகள் 2000இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின.

இனி, குடலை விட்டுச் சிறுநீரகத்துக்கு. எஸ்ஜிஎல்டி1-க்கு அங்கே ஒரு சகோதரி இருக்கிறாள்: எஸ்ஜிஎல்டி2. சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிகட்டும் நீரில் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் இருக்கும். அத்தனையும் சிறுநீரில் போய்விடாமல், பெரும்பங்கை மீட்டு ரத்தத்துக்குத் திருப்புவது இவள் வேலை. 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1886இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங் அது சிறுநீரில் சர்க்கரையை வரவழைப்பதைக் காட்டினார். இந்த வாசல்களை அது அடைக்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ஃப்ளோரிசின் குடல் கதவையும் சேர்த்தே அடைத்துவிடும், மருந்துக்கு ஆகாது. சிறுநீரகக் கதவை மட்டும் அடைக்கும்படி அதைத் திருத்திச் செய்தவைதான் இன்று சர்க்கரை நோயாளிகளின் மாத்திரைச் சீட்டில் இருக்கும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையறா. முன்பு சிறுநீரில் எறும்பு மொய்த்தால் நோய் என்று அர்த்தம். இந்த மாத்திரை போடுகிறவருக்கு எறும்பு மொய்த்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சர்க்கரையைக் குறைக்க வந்த மாத்திரை வேறொரு வேலையும் செய்தது. 2015இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளிடம் இதய, ரத்தநாளக் காரணங்களால் நேரும் இறப்பு 38 சதவீதம் குறைந்தது. பிறகு சர்க்கரை நோயே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இந்த வகை மாத்திரைகள் பலன் தருவது தெரிந்தது. இந்தியாவில் 2020இல் டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்ததும் விலை சரிந்து, அரசு மருத்துவரும் எழுதக்கூடிய மாத்திரையாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், இதயத் தசையில் எஸ்ஜிஎல்டி2 ஏறக்குறைய இல்லவே இல்லை. இல்லாத கதவை அடைத்து இதயம் எப்படிப் பிழைக்கிறது? சர்க்கரையோடு உப்பும் நீரும் வெளியேறி இதயத்தின் பாரம் குறைகிறது என்பது ஒரு கட்சி. இதயச் செல்லில் சோடியத்தை உள்ளே விட்டு அமிலத்தை வெளியேற்றும் வேறொரு புரதத்தின்மேல் மருந்து கை வைக்கிறது என்பது இன்னொரு கட்சி. அதை மறுக்கும் ஆய்வுகளும் வந்திருக்கின்றன. அந்தப் புரதத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)